முதுமைக்கு ஆங்கிலம் இட்ட பெயர்கள்

சென்ற விடுமுறையில் ஒருநாள் மாலை, நமது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், கையில் ஒரு விண்ணப்பப் படிவத்துடன் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றான். அவனுக்குச் சற்றுப் பின்னால், பொல்லொன்றை ஊன்றியபடி அவனுடைய அம்மம்மாவும் வந்துகொண்டிருந்தார். அம்மையாருக்கு வயது 81. விறாந்தையில் இருத்தித் தேநீர் கொடுத்த பின்னர் வந்த காரியத்தை விசாரித்தோம்.

படிவம் கொழும்பிலுள்ள முதியோர் இல்லமொன்றினுடையது. முற்றும் ஆங்கிலத்தில் அமைந்தது. பையனின் தாயார் கொழும்பில் உத்தியோகம் பார்க்கிறார். வாடகை அறையொன்றில் வாழ்கிறார். மாமன்மார் இருவரும் கனடாவில். பையனும் பல்கலைக்கழகம் புகுந்துவிட்டால் ஊர் வீட்டில் அம்மையாருக்குத் துணையென்று எவருமில்லை. ஆதலால் மூத்த மாமா அவ்வில்லத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதி, அதன் பிரதியை மருமகனுக்கும் அனுப்பியிருந்தார். “அம்மாவை ஓர் இல்லத்தில் வைக்க முடிவுசெய்துள்ளோம்” என்பது அதன் முதல் வாக்கியத்தின் பொருள்.

நாம் படிவத்தைப் புரட்டிக்கொண்டிருக்கையில் அம்மையார் கேட்டார்: “மாஸ்ரர், உந்தக் கடதாசியிலை என்னை என்னெண்டு எழுதிக் கிடக்கு?”

எளிய கேள்விதான், ஆனால் விடை கூற நமக்குச் சிறிது நேரம் பிடித்தது. படிவத்தின் தலைப்பில் அவர் ‘எல்டர்’. கட்டண விவரம் கூறும் பகுதியில் ‘சீனியர் சிட்டிசன்’. வைத்தியர் நிரப்பவேண்டிய பகுதியில் ‘ஏஜட் அன்ட் இன்ஃபர்ம்’. அதாவது, வயதுசென்று வலுவிழந்தவர். ஒருவருக்கே மூன்று பெயர்கள். மூன்றும் ஒன்றல்ல என்பதை அம்மையார் நம் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார் என்று தோன்றுகிறது.

அன்று நாம் கூறிய விடை அரைகுறையானது. ஆங்கிலம் பேசுவோர் வயதையும் முதுமையையும் குறிக்க வழங்கும் சொற்களை இவ்வாரம் சற்று ஆராய்ந்து பார்ப்போம். மாணவர்களுக்கு இது பாடத்திலும் உதவும். பாடத்துக்கு வெளியிலும் உதவும்.

ஊட்டி வளர்த்தது

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் பிள்ளைகளைத் திகைக்கவைக்கும் வழக்குகளுள் ஒன்று, வயதைக் கேட்கும் வினாவாகும். நாம் “வயது என்ன?” என்கிறோம். ஆங்கிலேயர் “எவ்வளவு ஓல்ட்?” என்று கேட்கின்றனர். பிறந்து இரண்டு நாளான சிசுவைக் குறித்தும் அவ்வாறே கேட்பர். “இரண்டு நாள் ஓல்ட்” என்றே விடையும் வரும். தொட்டிலிற் கிடக்கும் சிசுவுக்கும் பொல்லூன்றி நடக்கும் பாட்டனுக்கும் ஒரே சொல்லா என்று மாணவர் நகைப்பதுண்டு.

இதற்கு விடை அச்சொல்லின் பிறப்பில் இருக்கிறது. ‘ஓல்ட்’ என்பதன் அடியிலுள்ள பண்டை வேர் ‘அல்’ என்பது என மொழிநூலார் காட்டுவர். ஊட்டுதல், வளர்த்தல் என்பன அதன் பொருள். இலத்தீன் மொழியில் ‘அலெரே’ என்றால் உணவூட்டி வளர்த்தல். அவ்வேரிலிருந்தே இலத்தீன் வழியாக வேறிரு சொற்களும் ஆங்கிலத்துக்கு வந்தன. ஒன்று ‘அடொலசன்ட்’, அதன் முதற்பொருள் வளர்ந்துகொண்டிருப்பவர் என்பது. மற்றொன்று ‘அடல்ட்’, அதன் பொருள் வளர்ந்து நிறைந்தவர் என்பது. ஆகவே கட்டிளைஞரையும், வளர்ந்தோரையும், முதியோரையும் குறிக்கும் மூன்று சொற்களும் ஒரே வேரிற் கிளைத்த உறவுகள்.

இவ்வாறு பார்க்குமிடத்து ‘ஓல்ட்’ என்பதற்குத் தேய்ந்தது, ஓய்ந்தது என்பன ஆதிப்பொருள் அல்ல. ஊட்டி வளர்க்கப்பட்டது என்பதே ஆதிப்பொருள். இரண்டு நாட் சிசு, இரண்டு நாள் ஊட்டப்பெற்றது. 81 வயது அம்மையார், 81 ஆண்டுகள் ஊட்டப்பெற்றவர். வேறுபாடு அளவில்மட்டுமே.

இன்னுமொரு வியப்பு. உலகம் என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘வேர்ல்ட்’ என்ற சொல்லும் இக்குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொண்டது. பழைய ஆங்கிலத்தில் மனிதனைக் குறிக்கும் ‘வெர்’ என்ற சொல்லும், வயது அல்லது வாழ்நாள் என்பதைக் குறிக்கும் சொல்லொன்றும் இணைந்து பிறந்தது அது. மனிதனின் வாழ்நாள் எதுவோ அதுவே உலகம் என்று அம்மொழியின் மூதாதையர் கருதினர் போலும்.

பழையதும் முதியதும்

தமிழிலே பொருள்களுக்குப் ‘பழைய’ என்றும், மனிதர்க்கு ‘முதிய’ என்றும் சொல்லைப் பிரித்து வழங்குகிறோம். வீடு பழையது, பாட்டனார் முதியவர். ஆங்கிலத்தில் ஓட்டைக் குடைக்கும் ‘ஓல்ட்’, பாட்டனுக்கும் ‘ஓல்ட்’. ‘ஓல்ட் ஃபிரெண்ட்’ என்றால் முதிய நண்பர் அல்லர். நெடுநாட் பழகிய நண்பர். அவருக்கு இருபது வயதாகவும் இருக்கலாம். நமது கல்லூரிகள்தோறும் உள்ள பழைய மாணவர் சங்கங்களுக்கு ஆங்கிலத்தில் ‘ஓல்ட் போய்ஸ்’ என்று பெயர். எழுபது வயது கடந்த பெரியவரும் அச்சங்கத்தில் ‘போய்’ தான், பையன்தான். வயதை ஏற்றும் சொல்லும் இறக்கும் சொல்லும் ஒரே தொடரில் அடுத்தடுத்து நிற்பதை அவர்கள் கவனிப்பதுமில்லை.

மாணவர் ஈண்டொரு பிழையைத் தவிர்த்துக்கொள்ளல் வேண்டும். ‘எல்டர்’, ‘ஓல்டர்’ ஆகிய இரண்டும் மூத்தவர் என்ற பொருளுடையனவே. ஆயினும் ‘எல்டர்’ பெரும்பாலும் குடும்ப உறவுக்குரியது. ‘எல்டர் சிஸ்டர்’ என்றால் நம் அக்காள். அச்சொல்லை வைத்து “என்னைவிட மூத்தவர்” என்று ஒப்பிட்டு எழுதுதல் ஆங்கில வழக்கன்று. ஒப்பிடுவதற்கு ‘ஓல்டர்’ என்பதே வேண்டும். வகுப்பறைக் கட்டுரைகளில் நாம் ஆண்டுதோறும் சிவப்பு மையால் திருத்தும் பிழைகளுள் இது தலையாயது. ஆனால் இந்தப் பிழைக்குப் பின்னே ஓர் அழகிய செய்தி உண்டு. ‘எல்டர்’ எண்ணிக்கையைக் கூறும் சொல்லன்று. உறவிலும் சபையிலும் ஒருவருக்குள்ள இடத்தைக் கூறும் சொல்.

வகுப்பறையில் வாழும் முதுமை

இடத்தைக் கூறும் சொற்கள் வேறும் உள. இலத்தீன் மொழியில் ‘செனெக்ஸ்’ என்றால் முதியவர். அதனடியாகப் பிறந்தது உரோமர்களின் ‘செனட்’. முதியோர் அவை என்பது அதன் பொருள். ‘சீனியர்’ என்பது அதே மொழியில் மூத்தவர் என்ற ஒப்பீட்டுச் சொல். இத்தாலியரின் ‘சிஞோர்’, ஸ்பானியரின் ‘செஞோர்’ ஆகிய மரியாதைச் சொற்களும் அதிலிருந்தே வந்தன. பிரெஞ்சு மொழியின் வாயிலாகச் சுருங்கி ஆங்கிலத்தில் ‘சேர்’ என்று நிற்பதும் அதுவே. நம் மாணவர்கள் நாள்தோறும் பலமுறை “சேர், சேர்” என்று அழைக்கும்போது, தம்மையறியாமலே, “மூத்தவரே, மூத்தவரே” என்று அழைக்கின்றனர். இருபத்திரண்டு வயதிற் புதிதாக வரும் ஆசிரியரும் அப்பட்டத்தைப் பெற்றுவிடுகிறார்! கிறிஸ்தவ குருவைக் குறிக்கும் ‘பிரீஸ்ட்’ என்ற சொல்லும் இவ்வாறே. மூத்தவர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்றின் வழிவந்தது அது.

ஆனால் இதே ‘செனெக்ஸ்’ குடும்பத்தில் மற்றொரு பிள்ளையும் பிறந்தது. அதன் பெயர் ‘சினைல்’. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, முதுமைக்குரியது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. காலஞ்செல்ல அது புத்தி தளர்ந்தவரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஒரே வயிற்றில் உதித்த இருவருள் ஒருவர் அரசவையிற் போய் அமர்ந்தார். மற்றவர் ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டில் அடைபட்டார்.

சொல்லிழிந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் உண்டு. 1906 ஆம் ஆண்டு ஜேர்மன் வைத்தியர் அலோயிஸ் அல்ஸைமர், நினைவும் புத்தியும் சிதைந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையிற் கண்ட மாற்றங்களை எடுத்துரைத்தார். அப்பெண் வைத்தியசாலைக்கு வந்தபோது அவருக்கு வயது 51 தான். வயது குறைந்தவராகையால் அதனை நோயென்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் எழுபது எண்பது வயதினரிடம் அதே சிதைவு காணப்பட்டபோது “இது சினைல், வயதானால் இப்படித்தான்” என்று நெடுங்காலம் விட்டுவிட்டனர். இரண்டும் பெரும்பாலும் ஒரே நோயென்ற கருத்து வைத்திய உலகில் வலுப்பெறுவதற்கு 1970 களாயின. ஒரு சொல், நோயைக் காணவொட்டாது வைத்தியரின் கண்ணையே மறைத்திருந்தது.

சந்தைப் பார்வை

பேச்சு வழக்கிற்குச் செல்வோமாயின் நிலை இன்னும் மோசம். வயது சென்றவரை ‘பல் நீண்டவர்’ என்பர் ஆங்கிலேயர். குதிரைக்கு வயதேற ஏற முரசு தேய்ந்து பல் நீண்டு தோன்றும்; வாங்க வருபவன் வாயைத் திறந்து பார்த்து விலைபேசுவான். இளமை கடந்த பெண்ணை ‘வசந்தத்துக் கோழிக்குஞ்சு அல்லள்’ என்பர். வசந்தத்திற் பிறந்த குஞ்சுக்கே சந்தையில் நல்ல விலை. வயதுக்கு மீறி அலங்கரித்துக்கொண்டால் ‘குட்டியாட்டிறைச்சி வேடம் போட்ட கிழட்டாட்டிறைச்சி’ என்பர். குதிரை, கோழி, ஆடு யாவும் சந்தைக்கு வந்தவை. மனிதரை விலைமதிக்கும் கண்ணாற் பார்த்துப் பிறந்த பழமொழிகள் இவை.

இவற்றுட் பெண்களுக்கு விழுந்த அடியே பெரிது. நூல் நூற்பவள் என்ற நல்ல பொருளில் வழங்கிய ‘ஸ்பின்ஸ்டர்’, பின்னர் மணமாகாத பெண்ணைக் குறிக்கும் சட்டச் சொல்லாயிற்று. அதற்கும் பின்னர், வயதுசென்றும் மணமாகாதவள் என்ற ஏளனமாயிற்று. இங்கிலாந்தின் விவாகப் பதிவேடுகளில் 2005 ஆம் ஆண்டிலேதான் அச்சொல் கைவிடப்பட்டது. கிழவியைக் குறிக்கும் ‘குரோன்’ என்ற சொல்லோ, அழுகிய பிணம் எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றிலிருந்து வந்தது. கிழவனைக் குறிக்கும் ‘காஃபர்’ என்ற சொல் இதற்கு மாறாக மேலேறி, இன்று இங்கிலாந்தில் மேலாளரையும் உதைபந்தாட்டக் குழுவின் பயிற்றுநரையும் குறிக்கும் செல்லப் பெயராய் விளங்குகிறது. கிழவனுக்குப் பதவி உயர்வு. கிழவிக்குப் பிணத்தின் பெயர்!

ஆங்கிலேயர் முதுமையை இகழ மட்டுமே அறிந்தவர் என்று எவரும் முடிவுகட்டிவிடலாகாது. ஷேக்ஸ்பியரின் ‘அஸ் யூ லைக் இட்’ நாடகத்தில், இரண்டாம் அங்கம் ஏழாம் களத்தில், மனித வாழ்வின் ஏழு பருவங்களைக் கூறும் புகழ்பெற்ற பேச்சொன்று வருகிறது. மாணவர் பலர் அதை மனனஞ் செய்திருப்பர். ஏழாம் பருவம் வெறும் மறதியும் இழப்புமே என்று ஜேக்விஸ் என்னும் பாத்திரம் சொல்லி முடிக்கிறது. பலரும் நாடகத்தை அவ்வளவில் மூடிவிடுகின்றனர். அடுத்த நொடியில் மேடையில் நிகழ்வது என்ன? ஒர்லாண்டோ என்னும் வாலிபன், ஆடம் என்ற கிழ வேலைக்காரனைத் தூக்கிக்கொண்டு வருகிறான். ஏறத்தாழ எண்பது வயதினனான அந்த ஆடம், வாழ்நாள் முழுவதும் சேமித்த ஐந்நூறு பொற்காசையும் இளைய எசமானனுக்கு ஈந்து, அவனுக்குத் துணையாகக் காட்டுக்கு நடந்து வந்தவன். அவன் விழுந்தது வயதினாலன்று, பசியினால். அவனுக்கு வேண்டியது உணவு. ‘ஓல்ட்’ என்ற சொல்லின் அடியில் உறங்கும் ஊட்டுதலை, அறிந்தோ அறியாமலோ, கவிஞர் மேடையிலே நிகழ்த்திக் காட்டிவிட்டார்.

அரசாங்கம் இட்ட கோடு

எந்த வயதில் ஒருவர் முதியவராகிறார்? முற்காலத்தில் ஊரே பார்த்துச் சொல்லியது. பின்னர் அரசாங்கம் கோடு கிழிக்கத் தொடங்கிற்று. பிரித்தானியாவில் 1908 ஆம் ஆண்டின் முதியோர் பென்ஷன் சட்டம், எழுபது வயதெய்திய வறியவர்க்கு வாரத்துக்கு 5 சிலிங் வரை வழங்கியது. 1909 ஜனவரி முதலாந் திகதி முதன்முறையாகப் பணம் கொடுபட்டது. அன்று தொட்டு ‘ஓல்ட் ஏஜ் பென்ஷனர்’ என்பது அந்நாட்டில் ஒரு வகுப்பாரின் பெயராயிற்று. ஐந்து சிலிங் நன்மைதான். ஆனால் அதனோடு, இவர் கொடுத்துண்பவர் அல்லர், பெற்றுண்பவர் என்ற முத்திரையும் கூடவே வந்தது.

வேலையிலிருந்து விலகுவதை ஆங்கிலத்தில் ‘ரிட்டையர்’ என்பர். பின்வாங்குதல் என்பது அதன் மூலப்பொருள். போர்க்களத்திலிருந்து படை பின்வாங்குவதற்கும் அச்சொல் வழங்கியதுண்டு. இலங்கைத் தமிழர் அதனை ‘இளைப்பாறுதல்’ என்று பெயர்த்தனர். பின்வாங்கியவர் என்பதற்கும், உழைத்த களைப்பாற அமர்ந்தவர் என்பதற்கும் எவ்வளவு தூரம்! மொழிபெயர்ப்பு மூலத்தை வென்ற இடங்களுள் இதுவும் ஒன்றென்று நாம் மாணவர்க்குச் சொல்வதுண்டு.

‘பென்ஷனர்’ என்ற பெயரும், ‘ஏஜட்’ என்ற பெயரும் உறுத்தத் தொடங்கவே, அமெரிக்காவில் 1938 ஆம் ஆண்டளவில் ‘சீனியர் சிட்டிசன்’ என்ற சொல் தோன்றியது. மூத்த குடிமகன் என்று அதைத் தமிழாக்கிக்கொண்டோம். பிற்பாடு அதுவும் புளித்தது. பேருந்துச் சலுகைச் சீட்டின் வாசனை அதிலே படிந்துவிட்டது. ‘எல்டர்லி’ என்ற சொல் மென்மையானதென்று கருதப்பட்டது. இன்று ஆங்கிலப் பத்திரிகைகள் அதனையும் எச்சரிக்கையோடு கையாளுகின்றன. ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1995 ஆம் ஆண்டில் ‘ஓல்டர் பேர்சன்ஸ்’ என்பதைத் தேர்ந்துகொண்டது. கூடிய வயதினர் என்பது அதன் பொருள். யாரைவிடக் கூடிய வயதினர் என்று அது சொல்வதில்லை. அதனால் ஒருவரும் புண்படுவதுமில்லை.

தமிழிலக்கணம் பயின்றோர் இதனை உடனே இனங்கண்டுகொள்வர். மங்கலமல்லாததை மங்கலச் சொல்லாற் கூறுதலை நன்னூலார் தகுதி வழக்கினுள் ஒன்றாக வைத்தார். ஆனால் மங்கலச் சொல்லும் நாளடைவில் அழுக்கடைகிறது. பின்னர் வேறொன்று தேட நேர்கிறது. ஸ்டீவன் பிங்கர் என்ற அறிஞர் இவ்வோட்டத்தை, நடந்துகொண்டேயிருந்தும் இடம்பெயராத மிதிபொறிக்கு ஒப்பிட்டார். ‘எண்பது ஆண்டு இளமை’ என்று முகமன் கூறும் வழக்கையும் இதனோடு சேர்த்துக் கொள்ளலாம். முதுமை இழிவு என்று நெஞ்சினுள் எண்ணுபவரே அதனை இளமை என்று புகழ வேண்டியவராகிறார். வயதைக் காரணங்காட்டி மனிதரைத் தாழ்த்தும் மனப்பான்மைக்கு அமெரிக்க வைத்தியர் ரொபர்ட் பட்லர் 1969 இல் ‘ஏஜிஸம்’ என்று பெயரிட்டார். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. நோய் மாறியதா என்பது வேறு வினா.

சொல்லன்று, செயல்

மாறியதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். முதியோர் வைத்தியத்தைக் குறிக்கும் ‘ஜெரியாட்ரிக்ஸ்’ என்ற சொல்லை, அமெரிக்காவில் வாழ்ந்த வைத்தியர் இக்னாட்ஸ் நாஷர் 1909 ஆம் ஆண்டில் ஆக்கினார். சொல் பிறந்தது, எனினும் வைத்தியசாலைகளின் கோடி வாட்டுகளில் முதியோர் கிடந்தபடியே கிடந்தனர். 1935 இல் இலண்டனுக்கு மேற்கேயுள்ள வெஸ்ட் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில், மார்ஜரி வொரன் என்ற பெண் வைத்தியரிடம், அயலிலிருந்த வறியோர் விடுதியின் நோயாளர் 700 பேருக்கு மேற்பட்டவர்கள் ஒப்படைக்கப்பட்டனர். தீராத நோயாளர் என்று எழுதித் தள்ளப்பட்டவர்கள். பலர் ஆண்டுக்கணக்காகப் படுக்கையிற் கிடந்தவர்கள்.

அவ்வம்மையார் புதுப்பெயர் எதையும் தேடவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். எழக்கூடியவர் யார், எழமுடியாதவர் யார் என்று பிரித்தார். எழக்கூடியவரை எழுப்பி, உடையுடுத்து, நடக்கப் பழக்கினார். பலர் நடந்தனர், சிலர் வீடு திரும்பினர். படுக்கையிற் கிடந்ததனாலேயே படுக்கையாளராகியவர் எத்தனை பேர் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதியோர் வைத்தியத்தின் தாய் என்று பிரித்தானியர் இன்று அவரைப் போற்றுகின்றனர். ‘தீராதவர்’ என்ற ஒற்றைச் சொல்லை நீக்கி அந்த இடத்தில் எழுநூறு தனி மனிதரை வைத்தமையே அவர் செய்த பெருங்காரியம்.

அம்மையாரின் திருத்தம்

இனி நம் படிவத்துக்கு வருவோம். இலங்கையின் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், முதியோர் உரிமைகளைப் பாதுகாப்பதற்காக இயற்றப்பட்டது. அதன் ஆங்கில வாசகம் அறுபது வயதினரை ‘எல்டர்ஸ்’ என்றே அழைக்கிறது. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடலாகாது என்று அச்சட்டம் விதிக்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பெற விண்ணப்பிக்கவும் வழிசெய்கிறது. எண்ணிக்கையை மட்டும் கூறும் சொற்கள் பலவிருக்க, உறவைக் கூறும் சொல் சட்டத்தில் ஏறியமை பொருத்தமே.

ஆகவே நாம் மாணவனை அருகழைத்து, படிவத்தில் ‘இன்ஃபர்ம்’ என்ற சொல்லுக்கெதிரே வெறுமனே ‘ஆம்’ என்று எழுதாதே என்றோம். அம்மம்மாவால் இயன்றதையும் இயலாததையும் தனித்தனியே எழுதுமாறு கூறினோம். அவன் எழுதினான்: வயது 81. பொல்லின் உதவியுடன் நடப்பார். தாமே சமைப்பார். காலையில் பத்திரிகை வாசிப்பார். கண் வெட்டுவித்த பின் பார்வை நன்று. எழுதியதைத் தமிழில் உரக்கப் படித்தும் காட்டினான்.

அம்மையார் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்: “இடக்காது கேளாதெண்டதை விட்டிட்டாய் மோனை. அதையும் எழுது. எழுதாமல் விட்டால், அங்கை ஆரும் கதைக்கேக்கை நான் பறையாமல் இருக்க, பெருமைக்காரி எண்டெல்லே நினைப்பினம்.”

நமக்கு நாணமாயிற்று. மங்கலச் சொல் தேடிய நாம், குறையை மறைப்பதே மரியாதை என்று எண்ணிவிட்டோம். அவருக்கு வேண்டியது உண்மை. அதுவும் முழு உண்மை. காது மந்தம் என்பது ஒரு குறை. அதை எழுதினால் வலப்பக்கத்தில் நின்று பேசுவார்கள். ‘இன்ஃபர்ம்’ என்பது ஒரு தீர்ப்பு. அதை எழுதினால் பேசுவதையே விட்டுவிடுவார்கள்.

புறப்படும் வேளையில், மாமாவின் மின்னஞ்சலை ஒருமுறை தமிழிற் சொல்லுமாறு அம்மையார் கேட்டார். பையன் தயங்கித் தயங்கி முதல் வாக்கியத்தைப் பெயர்த்தான். ‘வைக்க முடிவுசெய்துள்ளோம்’ என்ற இடத்தில் அம்மையார் அவனை நிறுத்தினார்.

“நான் போறன், மாஸ்ரர். பேரன்ரை படிப்பை மறிச்சுக்கொண்டு இஞ்சை இருக்க எனக்கு விருப்பமில்லை. மகளுக்கும் கிட்டவாய் இருக்கலாம். ஆனால் என்னைக் கொண்டுபோய் வைச்சது எண்டு ஒருத்தரும் எழுதக்கூடாது. நான் போனது எண்டு எழுதச் சொல்லுங்கோ.”

ஆங்கிலத்தில் ஒருவரை முதியோர் இல்லத்திற் சேர்ப்பதைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் வினைச்சொல் ‘புட்’ என்பதே. பெட்டியை மூலையில் வைப்பதற்கும் அதே சொல்தான். வயது குறித்த பெயர்ச்சொற்களையெல்லாம் அன்று மாலை முழுவதும் புரட்டிக்கொண்டிருந்த நாம், அந்தச் சிறிய வினைச்சொல்லைக் கவனியாது விட்டோம். எழுவாயாக இருந்தவர் செயப்படுபொருளாவதே முதுமையின் பெருந்துயர் என்பதை, இலக்கணம் கற்பிக்கும் நமக்கு, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மையார் கற்பித்துச் சென்றார்.

மாணவர்களே! முதியோரைக் குறித்து எந்த மொழியில் எழுத நேரினும், பெயரைத் தேர்வதற்கு முன் வினையைப் பாருங்கள். வாக்கியத்தில் அவர் எதையேனும் செய்கிறாரா, அன்றி அவருக்கு எல்லாம் செய்யப்படுகின்றனவா என்று நோக்குங்கள். பெரியோர்களே! பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும்போது நீங்களும் அவ்வாறே நோக்குங்கள்.

அன்றிரவே பையன் அம்மம்மாவின் சார்பில் இல்லத்துக்கு ஒரு புதிய மின்னஞ்சல் எழுதினான். மூன்றே வாக்கியங்கள். முதலாவது வாக்கியத்தின் எழுவாய் ‘நான்’. அதில் ஒரு பிழையும் நாம் காணவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்தோம்.